மஞ்சள் அட்டையில் ஒரு மனைவி

“என்னை உன் பொண்டாட்டின்னு எழுது. இன்னிக்கே எழுது.”

ஒரு பெண் தன் வாயால் கேட்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று, எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் என் அம்மா ஸ்லாவா சொல்லிக்கொண்டிருந்தாள். பசித்தால் கேள், புரியாவிட்டால் கேள், கடைக்காரன் நிறுத்துப் போட்டதில் குறைந்தால் சண்டை போட்டுக் கேள். ஆண்பிள்ளையிடம் போய் என்னைக் கட்டிக்கொள் என்று மட்டும் கேட்காதே. கேட்டு வாங்கின கல்யாணத்தில் ஆயுசு முழுக்க நீதான் கை நீட்டினவளாக இருப்பாய். இருபத்துநாலு வயதுவரை நான் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டேன். ருட்னிக்கா தெருவில், யூத நிர்வாகக் குழு அலுவலகத்தின் முற்றத்தில், ஸெலிக்கின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

அந்த முற்றத்தில் அன்றைக்கு வெட்கம் என்று ஒன்று யாரிடமும் இல்லை. எங்களை வில்னாவின் அந்த ஏழெட்டுச் சந்துகளுக்குள் அடைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அக்டோபர் மாதம். ஜெர்மன்காரன் தனக்கு வேண்டிய கைகளுக்கு மட்டும் மஞ்சள் அட்டை கொடுத்திருந்தான். ரோமத்தோல் வெட்டுகிறவன், தோல் பதனிடுகிறவன், தையற்காரன், கண்ணாடி போடுகிறவன். ஓர் அட்டையில் அட்டைக்காரன், ஒரு மனைவி, பதினாறு வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான் குடும்பம். அப்பா, அம்மா, அக்கா, தங்கை, நிச்சயம் செய்த பெண், இவர்களுக்கெல்லாம் அட்டையில் இடம் கிடையாது. இடம் இல்லாதவர்களை எங்கே கொண்டுபோவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். போனாரிக் காட்டுக் குழியிலிருந்து பிணங்களுக்கு நடுவே ஊர்ந்து தப்பித்த பெண்கள் இரண்டு மூன்று பேர் செப்டம்பரிலேயே திரும்பி வந்திருந்தார்கள். அவர்கள் சொன்னதை நம்பாதே, பீதி கிளப்பாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்படிச் சொன்ன பெரியவர்கள்தான் அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றார்கள்.

அதனால் பெண்கள் கேட்டார்கள். டாக்டரின் விதவை பத்தொன்பது வயதுத் தோல்காரப் பையனிடம் கேட்டாள். ஒருவன் தன் அம்மாவுக்கு இருபது வயதைக் குறைத்து மனைவி என்று எழுதிவிட்டு வந்தான். இன்னொருவனுக்கு மனைவியும் இருந்தாள், அம்மாவும் இருந்தாள். அவன் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் கட்டிடத்து மாடிப்படி வீட்டுப் பேஷா என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள். இருபது வருஷமாக எனக்கு ஒரு வரனும் வரவில்லை, இன்றைக்கு மூன்று பேரிடம் நானே போய்க் கேட்டேன், மூன்று பேருக்கும் அவனவன் அம்மாவோடு கல்யாணம் ஆகிவிட்டதாம் என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள், ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் கூட்டத்துக்குள் போய்விட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸெலிக் ரோமத்தோல் வெட்டுகிறவன். ஜெர்மன் சிப்பாய்கள் ரஷ்யக் குளிரில் உறையாமல் இருக்க அவன் கை வேண்டும். எனக்கும் அவனுக்கும் நிச்சயமாகி இரண்டு வருஷம். நிச்சயத்தன்று எங்கள் வழக்கப்படி இரண்டு வீட்டாரும் சேர்ந்து பீங்கான் தட்டை உடைத்தார்கள், நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். உடைத்த தட்டு ஒட்டாது. நிச்சயத்தை முறிப்பதைவிடக் கட்டிக்கொண்டு விவாகரத்துச் செய்வதே மேல் என்பார்கள் எங்களில். படிப்பு முடியட்டும் என்று நான்தான் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டேன். அது முடிந்தபோது ரஷ்யர்கள் வந்தார்கள். அவர்கள் போனதும் இவர்கள் வந்தார்கள்.

அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய செத்துப்போன அக்காவின் பிள்ளைகள் இரண்டும் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றன. பிள்ளைகள் இடம் நிரம்பிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அது நியாயம். நான் கேட்டது மிச்சமிருந்த ஓர் இடத்தை.

“எழுதியாச்சு, பெய்லா” என்றான்.

அரை நொடி சந்தோஷப்பட்டேன். கேட்காமலே எழுதிவிட்டான் என்று நினைத்தேன். அந்த அரை நொடிக்காக அவனை நான் மன்னிக்கவே போவதில்லை.

“யாரை?”

“வீட்டுக்குப் போ. அம்மா சொல்லுவாங்க.”

யார் அம்மா என்று கேட்டேன். அவனுக்கு அம்மா கிடையாது, அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோதே செத்துவிட்டாள். அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனான். ஆண்கள் ஓடிப்போவதற்குப் பிள்ளைகளை முன்னால் தள்ளிக்கொண்டு போவது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஷ்பிட்டால்னா தெருவில் எங்கள் அறைக்கு நடந்து போகும் வழியெல்லாம் அவன் எழுதியிருக்கக்கூடிய பெண்களை யோசித்தேன். பட்டறை மேஸ்திரியின் மகளாக இருக்கலாம். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற பக்கத்து அறைக்காரியாக இருக்கலாம். ஒவ்வொருத்தியாக மனசுக்குள் வைத்து வெறுத்துக்கொண்டே நடந்தேன். என் அப்பா இருந்தவரை ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்கினவர். அம்மா சந்தை முனையில் சூடான அவித்த மொச்சை விற்றவள். அவள் கூவினால் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். எங்கள் வம்சத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு, பல்கலைக்கழகத்துப் படி ஏறினவர்கள் கிடையாது. நான் ஏறினேன், சட்டம் படித்தேன். யூத மாணவர்கள் இடது பக்க பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டபோது நாங்கள் உட்கார மாட்டோம் என்று நின்றோம். இரண்டு வருஷம் நின்றுகொண்டே சட்டம் படித்தேன். பின்னாலிருந்து தடியால் அடிப்பார்கள், பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நின்றபடியே அவர்களுடைய போலிஷ் மொழியை அவர்களைவிடச் சுத்தமாகக் கற்றுக்கொண்டேன். போனில் பேசினால் என்னை ஏதோ ஜமீன்தார் மகள் என்று நினைப்பார்கள். கெட்டோ என்கிற இந்த அடைப்புக்குள் வந்தபிறகு வேலைப் பதிவில் என்ன தொழில் தெரியும் என்று கேட்டார்கள். சட்டம் என்றேன். பதிவு செய்தவன் எங்கள் ஆள்தான். அவன் சிரித்துவிட்டு ஒரு வாளியும் துடைப்பமும் கொடுத்தான். நான்கு மணிக்குத் தொடங்கும் ஷிப்டில் ராணுவ ஆஸ்பத்திரித் தரை கழுவப் போய்க்கொண்டிருந்தேன். தரை கழுவுகிறவளுக்கு மஞ்சள் அட்டை கிடையாது.

அறையில் மூன்று குடும்பம். எங்கள் மூலையை ஓர் அலமாரி மறைத்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் அம்மா என் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். மார்பில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிரித்துவிட்டு, ஓர் இழு இழுத்தால் வந்துவிடுகிற மாதிரி பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை ரெய்ஸல் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோலை அலசிக்கொண்டிருந்தாள். காலையில் இல்லாத ஒரு துணியைத் தலையில் கட்டியிருந்தாள். பேன் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். எல்லாருக்கும் பிடித்திருந்தது.

ஸெலிக் யாரை எழுதினான் என்று அம்மாவிடம் கேட்டேன்.

அவள் ஊசியை நிறுத்தவில்லை. “ரெய்ஸலை.”

எனக்குச் சட்டென்று கோபம் வரவில்லை. அதுதான் விசித்திரம். பட்டறை மேஸ்திரியின் மகளாக இருந்திருந்தால் போய் அவள் மயிரைப் பிடித்திருப்பேன். ரெய்ஸல் என்றதும் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று மட்டும் கேட்டேன்.

“அவன் செய்யல. நான்தான் போய்க் கேட்டேன்” என்றாள் அம்மா.

இருபத்துநாலு வருஷம் எனக்குக் கேட்காதே என்று சொன்னவள், அவளே போய்க் கேட்டிருக்கிறாள். எனக்காக இல்லை. அதை நான் அவளிடம் சொன்னேன், அந்த வார்த்தைகளிலேயே சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டுத் தன் காரணத்தைச் சொன்னாள். அதை அவள் பல நாள் யோசித்து வைத்திருக்கிறாள் என்பது அவள் பேசின விதத்திலேயே தெரிந்தது, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எனக்குச் செம்பட்டை முடி, சாம்பல் நிறக் கண். எனக்குப் போலிஷ் இருக்கிறது. கெட்டோ வாசலைத் தாண்டினால் நான் எந்தத் தெருவிலும் நடக்கலாம், எந்தக் கடையிலும் கேட்கலாம். ரெய்ஸல் வாயைத் திறந்தால் வில்னாவின் யூதச் சந்தை மொத்தமும் வெளியே வரும்.

“அவ ரொட்டின்னு கேட்டாலே போதும், பிடிச்சுட்டுப் போயிடுவான். உனக்கு வெளியே ஒரு உலகம் இருக்குடி. அவளுக்கு அந்த அட்டை ஒண்ணுதான் இருக்கு.”

எங்கள் பழைய தெருவில் துணி வெளுக்கிற போலிஷ்காரி ஒருத்தி இருந்தாள், யாத்விகா என்று பெயர், அம்மாவிடம் மொச்சை வாங்குவாள். அவளிடமும் அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பி எல்லாம் பேசி முடித்திருந்தாள். இன்றைக்கு ஷிப்டுக்குப் போகிறபோது வரிசையிலிருந்து நழுவ வேண்டும், நட்சத்திரத்தைப் பிடுங்கிப் போட வேண்டும், யாத்விகாவின் வீட்டுக்குப் போக வேண்டும். என் வாழ்க்கையை ஒரு கோட்டு மாதிரி மடியில் போட்டு, என்னைக் கேட்காமலே பிரித்துத் தைத்து முடித்துவிட்டாள்.

அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்த முற்றத்தில் பார்த்ததை எல்லாம் பார்த்துவிட்டு வந்தவள் நான். மகன் அம்மாவைக் கட்டியிருக்கிறான், பாட்டி வயசுக்காரி பேரன் வயசுக்காரனைக் கட்டியிருக்கிறாள், எல்லாம் காகிதம். காகிதம்தானே, ரெய்ஸல் உயிரோடு இருந்தால் சரி, போர் முடிந்ததும் காகிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். கொஞ்சம் பெருந்தன்மையாகக்கூட உணர்ந்தேன்.

ரெய்ஸலின் ஈரக்கை மெதுவாக மேலே போய்த் தலைத்துணியைத் தொட்டது, தொட்டுவிட்டுச் சட்டென்று கீழே இறங்கியது.

காகிதப் பொண்டாட்டி தலையை மூட வேண்டியதில்லை. எங்களில் நிஜமாகக் கல்யாணமானவள்தான் மூடுவாள்.

துணியை அவிழ் என்றேன். அவிழ்க்கவில்லை. நான் குனிந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கல் இல்லாத மெல்லிய மோதிரம், உருளைக்கிழங்கு மண் ஒட்டியிருந்தது.

முந்தாநாள் சாயங்காலம், நான் தரை கழுவிக்கொண்டிருந்தபோது, கீழ் அறையில் கண்ணாடிக்காரர் வீட்டில் கல்யாணம் நடந்திருக்கிறது. பத்து ஆண்கள் நின்றிருக்கிறார்கள். ஒரு சால்வையைப் பந்தல் மாதிரி நான்கு பேர் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு சாட்சி முன்னால் ஸெலிக் மோதிரம் போட்டிருக்கிறான். முழுக் கட்டிடத்துக்கும் தெரியும். பேஷாவின் பார்வை இப்போது புரிந்தது. எங்களில் மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கல்யாணம் செய்வதானால் மூத்தவளிடம் வந்து அனுமதி கேட்க வேண்டும். என்னிடம் யார் கேட்டார்கள். என் வாளியிடம் கேட்டார்களோ என்னவோ.

ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். ஊரே காகிதத்தில் கட்டிக்கொள்கிறபோது உனக்கு மட்டும் ஏன் நிஜம் வேண்டியிருந்தது?

அட்டைக்காரர்கள் குடும்பத்தோடு ஒரே அறையில்தான் இருந்தாக வேண்டும் என்றாள் அம்மா. கல்யாணமாகாத பெண்ணை ஓர் ஆண்பிள்ளையோடு ஒரே பாயில் படுக்க அனுப்ப அவள் சம்மதிக்க மாட்டாளாம். நாளைக்கே போனாரிக்குப் போவதானாலும் தன் பிள்ளை பாவத்தோடு போகக் கூடாதாம். அம்மா அப்படிப்பட்டவள்தான். எங்களுக்குச் சாப்பிட ஒன்றும் இல்லாத வாரங்களிலும் வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றினவள். இந்தக் காரணத்தை நான் ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

அப்போது ஸெலிக் வந்தான். பிள்ளைகளைப் பட்டறை ஆட்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். ரெய்ஸலைப் பட்டறைக் கட்டிடத்துக்குக் கூட்டிப்போக வந்தவன், என்னைப் பார்த்ததும் அலமாரி பக்கத்திலேயே நின்றுவிட்டான். உட்காருங்க என்று அம்மா சொன்னாள். முந்தாநாள்வரை அவனை வா போ என்றவள். இப்போது மாப்பிள்ளை.

“அத்தை வந்து கேட்டாங்க. நான் எப்படி மாட்டேன்னு சொல்ல முடியும்?” என்றான் என்னைப் பார்த்து.

மாட்டேன் என்பது ஒரே ஒரு சொல், நாக்கு சுளுக்கிக்கொள்ளாது என்றேன்.

அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். போர் முடியட்டும், ரெய்ஸலுக்கு நானே விவாகரத்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அவளுக்கும் சம்மதம்தான், அதற்கப்புறம் நீயும் நானும் முன்னால் பேசினபடியே கட்டிக்கொள்ளலாம் என்றான். ரெய்ஸல் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் ஒரு கெஞ்சல், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்கிற மாதிரி, இரவல் வாங்கின பாத்திரத்தைத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பவள் மாதிரி.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கோட்டைப் பார்த்தாள்.

“அம்மா, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

அவள் ஊசியில் நூல் கோக்கப் போனாள். நான் சொன்னேன். இதற்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் தெரிகிற சட்டம்தான். ஒருத்தியைக் கட்டினவன் அவள் உயிரோடு இருக்கிறவரை அவள் கூடப்பிறந்தவளைக் கட்டக் கூடாது. விவாகரத்துக் கொடுத்தாலும் கூடாது. முதலாமவள் செத்தால்தான் இரண்டாமவளுக்கு வழி. காகிதத்தில் கட்டியிருந்தால் இந்தச் சட்டம் எங்கள் பக்கமே வந்திருக்காது. மோதிரம் போட்டதும் வந்துவிட்டது.

“அப்படியாம்மா?” என்று கேட்டாள் ரெய்ஸல். அவளுக்குப் பத்தொன்பது வயது, நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

ஸெலிக்குக்குத் தெரியும். முகத்திலேயே தெரிந்தது. ரப்பிகள் ஏதாவது வழி சொல்லுவார்கள், போர்க்காலம் இல்லையா, வேதத்தில் வருகிற நம் முப்பாட்டன் ஒருவர்கூட அக்கா தங்கை இரண்டு பேரையும் கட்டினவர்தானே என்று இழுத்தான். அவர் கட்டினபோது சட்டம் வரவில்லை, வந்தபிறகு நீ கட்டியிருக்கிறாய் என்றேன். அதற்குமேல் அவன் பேசவில்லை. வாயைத் திறந்தால் ஒரு பொய், மூடினால் ஒரு பொய், அப்படிப்பட்ட ஒருவனுக்காகவா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டோம் என்று எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

அவனை விடு. எனக்கு அவன் பெரிதாகப் படவில்லை. நான் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உனக்கு இது தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும், பாவத்துக்குப் பயந்துதான் செய்தாய் என்றால் இதை யோசிக்காமல் செய்திருக்க மாட்டாய், உண்மையைச் சொல் என்று கேட்டேன். கத்தவில்லை. அறையில் மற்ற இரண்டு குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா ஊசியைக் கழுத்துப்பட்டியில் குத்திவைத்தாள்.

“நீ சட்டம் படிச்சவ” என்றாள். “காகிதம்னா நீ எப்படியாவது கிழிச்சிருப்ப. நான்தான் முதல்ல நிச்சயமானவன்னு போய் நின்னு வாதாடி, அவ பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுத வெச்சிருப்ப. உன் வாய்க்கு முன்னாடி எந்தக் குமாஸ்தா நிப்பான்? அதான் மோதிரம் போட வெச்சேன். அதை உன்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

இதுதான். அவள் ரெய்ஸலைக் காப்பாற்ற ஸெலிக்கிடம் போனது ஒரு விஷயம். யாரைக் காப்பாற்றுவது என்று ஒரு தாய் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியைத் தொட வேண்டியிருந்தால் தொட்டுத்தான் ஆக வேண்டும், அந்த முற்றத்தில் எத்தனையோ பேர் தொட்டார்கள். ஆனால் அவள் என்னை எதிரியாக வைத்து யோசித்திருக்கிறாள். நான் என் தங்கையின் பெயரை அடிக்கப் போகிறவள் என்று முடிவு செய்து, அதற்கு முன்னாலேயே என் கையைக் கட்டிவிட்டாள். மொச்சை விற்று என்னைப் படிக்க வைத்தவள், அந்தப் படிப்பைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன். ஒருதரம் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே.

“கொடுத்திருப்பியா?” என்றாள் அம்மா.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. ஏனென்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த முற்றத்தில் நின்று என்னை எழுது, இன்றைக்கே எழுது என்று ஸெலிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்போது எனக்கு ரெய்ஸல் ஞாபகமே இல்லை. கொடுத்திருப்பேனா மாட்டேனா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை. அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பைத்தான் அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

பிறகு அவள் இன்னொன்று செய்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நிர்வாகக் குழு ஆட்களிடம் போய் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று அப்பா பெயரில் சத்தியம் செய் என்றாள். நான் கையை உருவிக்கொண்டேன். சத்தியம் செய்யவில்லை. செய்தால் அவள் நினைத்தது சரி என்றாகிவிடும்.

ரெய்ஸல் எழுந்து வந்தாள். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் உடைந்த பாத்திரத்தோடு வந்து நிற்பது மாதிரி நின்றாள்.

“அக்கா, சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. முறைப்படி உன்கிட்ட கேட்டிருக்கணும். இப்பக் கேக்கறேன்.”

“பண்ணிட்டு வந்து சொல்றதுக்குப் பேரு கேக்கறது இல்ல. தகவல் சொல்றது.”

அவள் அழுதாள். நான் தேற்றவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது, அதைவிட ஓங்கி அறைய ஆசையாக இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் அழுதுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு புதுப் பயம் இருந்தது. தான் செத்தால்தான் அக்காவுக்கு வழி என்பதை அவள் அப்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டிருந்தாள். நான் அதை அவளுக்கு முன்னாலேயே புரிந்துகொண்டிருந்தேன். இந்த அறையில் நான் இருந்தால், இந்த ஊரில் இவர்கள் கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால், ஒவ்வொரு தடவை ஆட்களை இழுத்துப் போகும்போதும் ரெய்ஸல் இருக்கிறாளா போய்விட்டாளா என்று கேட்பேன். கேட்கிறபோது எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போகும் ஒரு நாள் வரும். ஸெலிக்மேல் ஒரு துளி ஆசை மிச்சம் இல்லாவிட்டாலும் வரும். ஒருத்தியின் சாவுக்குப் பின்னால் இன்னொருத்தியை வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள், உட்கார மாட்டேன் என்றேன். இதில் நிற்கவும் மாட்டேன்.

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா யாத்விகாவின் வீட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தாள், பின்கட்டு வழியாகப் போ, இரண்டு தரம் தட்டு என்றாள். நான் அங்கே போகப் போவதில்லை என்றேன். வேறு எங்கே என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன். தெரியாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு என்று ஸெலிக் எனக்காகப் பரிந்து பேசினான். பாதுகாப்புக்காக இல்லை, இவளுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் என்றேன்.

அம்மாவின் முகம் அப்போதுதான் முதல் தடவையாக மாறியது. அவள் போட்ட கணக்கில் நான் வெளியே போய்ப் பிழைப்பது இருந்தது, அவளுக்குத் தெரிகிற இடத்தில் பிழைப்பது. நான் பிழைத்தேனா என்று தெரியாமல் இருப்பது அந்தக் கணக்கில் இல்லை.

அலமாரியைத் தாண்டும்போது நின்றேன். போயிருக்கலாம். ஆனால் அம்மாவின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. கண்ணாடிக்காரர் வீட்டு அடுப்புக்குக் கீழே ஒளிந்துகொள்ளத் தோண்டியிருந்த பள்ளத்தில் அவளுக்கு ஓர் இடம் சொல்லியிருந்தார்கள். அதில் எத்தனை நாள் இருக்க முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

“நீ என்கூட வா” என்றேன். “வாயை மட்டும் மூடிக்கிட்டு வா. ஊமை அம்மான்னு சொல்லிக்கறேன்.”

“நான் வாயை மூடிட்டு இருந்து நீ எப்பவாவது பாத்திருக்கியா?” என்றாள்.

அறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அம்மாவும் லேசாகச் சிரித்தாள். அது வர மாட்டேன் என்பதுதான். முதல் தெருமுனையில் தன் வாயாலேயே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் வருவாள் என்று நினைத்து நான் கேட்கவில்லை. அவள் என்னைக் கேட்காதது மாதிரி நானும் இருந்துவிடக் கூடாது என்றுதான் கேட்டேன். அவள் என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்ய எழுந்து வந்தாள். நான் நிற்கவில்லை.

படியில் இறங்கும்போது மேலே அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. சந்தையில் கூவுகிற குரல் இல்லை, மெல்லக் கூப்பிட்டாள். கண்ணாடிக்காரர் தன் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். நான்கு மணி ஷிப்டுப் பெண்கள் தெருவில் ஐந்து ஐந்து பேராக நிற்க ஆரம்பித்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் குறைந்த ஒரு வரிசையில் போய் நின்றேன். காவல்காரன் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தான். எந்தத் தெருவில் திரும்புவது என்பதைப் படியில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டிருந்தேன். வாசல் திறந்தது. நடந்தேன்.